ஒரு மணி வெயிலில் சிலேட்டுக் கல்: இங்கிலாந்துக் கிராமத்துக் கல்லறையைப் படிப்பது எப்படி

சிலேட்டு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மரச்சட்டம் போட்ட பலகை, பலப்பம், எச்சில் தொட்டு அழித்ததற்கு வாங்கிய திட்டு. அதே வகைக் கல்லில் பெயரை வெட்டித் தலைமாட்டில் நட்டுவைத்திருக்கிறார்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்களில். அங்கே எழுதியது அழியவில்லை. 1720இல் உளி பட்ட எழுத்தின் ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கும். பக்கத்திலேயே 1850இல் நட்ட சுண்ணாம்புக் கல் கரைந்த சோப்புக்கட்டி போல மொழுமொழுவென்று நிற்கும்.

லெஸ்டர், நாட்டிங்ஹாம் பக்கம் குடிவந்தவர்களுக்கும், சுற்றிப் பார்க்க வந்து ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், கொஞ்சம் வெயில் வேண்டும். இரண்டாவது அந்த நாட்டில் கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்கே போவது

லெஸ்டருக்கு வடக்கே சார்ன்வுட் என்ற குன்றுப் பகுதி. அங்கே ஸ்வித்லாண்ட் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரையும் குரோபி, உட்ஹவுஸ் ஈவ்ஸ் ஆகிய இடங்களையும் சுற்றி வெட்டி எடுத்த கல்லுக்குப் பொதுப்பெயர் ஸ்வித்லாண்ட் சிலேட்டு. ரோமானியர் காலத்திலேயே லெஸ்டரில் கூரை வேய இதைப் பயன்படுத்தினார்கள். கல்லறைக் கல்லாக இது கொடிகட்டிப் பறந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. பிறகு கால்வாயிலும் ரயிலிலும் வேல்ஸ் நாட்டுச் சிலேட்டு மலிவாக வந்து இறங்கியது. மெல்லிசாகப் பிளக்கக்கூடிய கல் அது. 1887 வாக்கில் ஸ்வித்லாண்ட் குவாரிகள் மூடப்பட்டன.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹிக்லிங். நாட்டிங்ஹாம்ஷயரின் தென் ஓரத்தில், கிராந்தம் கால்வாய்க் கரையில் இருக்கும் கிராமம். தூய லூக்கா ஆலயம். அந்தக் கிராமம் இருக்கும் சமவெளியின் பெயரை எழுதுவது பெல்வோயர் என்று, சொல்வது ‘பீவர்’ என்று. எழுதியிருப்பதைப் படித்து வழி கேட்டால் சிரிப்பார்கள். இந்தச் சமவெளிக் கிராமங்களில் மட்டும் நிறையக் காணக் கிடைக்கும் ஒரு தேவதை முகம் உண்டு. பெல்வோயர் ஏஞ்சல் என்பார்கள். ஹிக்லிங்கில் அவை வரிசையாகவே நிற்கின்றன.

ஸ்வித்லாண்ட் ஊரின் தூய லெனார்டு ஆலயத்துக்கும் போகலாம். அங்கே சர் ஜோசப் டான்வர்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுப் பிரபுவின் கல்லறை, கல்லறைத் தோட்டத்து மதில்மேல் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிறது. நாயையும் தன்னோடு புதைக்க விரும்பினாராம்; புனித மண்ணுக்குள் நாய்க்கு இடமில்லை என்பதால் வெளிப்பாதி அதற்கு என்று ஊரில் கதை சொல்வார்கள்.

கேட்டுவிட்டு உள்ளே போங்கள்

கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கப் பொதுவாக யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் நீங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியும் நோட்டுமாக ஒரு மணிநேரம் ஒரே கல்லின் முன் மண்டியிட்டு உட்காரப் போகிறீர்கள். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில் சர்ச் வார்டனின், அதாவது ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளரின் எண் இருக்கும். ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் நல்லது. நான் முதலில் போனபோது சொல்லாமல் போய், ஒரு வயதான அம்மா வேலியோரம் வந்து நின்று, “என்ன தேடுகிறாய், மீ டக்?” என்றார். ‘என் வாத்தே’ என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் பஸ் டிரைவரும் கடைக்காரரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கோபிக்க வேண்டாம். அவர்தான் வார்டன். நான் ஒரு மணிநேரமாகத் தவறான நேரத்தில் நின்றுகொண்டிருந்ததை அவர்தான் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஆராதனை நேரத்தையும், அடக்கம் நடக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள். புதிய கல்லறைகள் இருக்கும் பகுதிக்குள் கேமராவோடு போகாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கல் இறந்தவரின் வாரிசுகளுடையது. 300 வருடம் ஆனாலும் அப்படித்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் தோட்டத்தில் ஒரு கல்லை நகர்த்த, நிமிர்த்த, பழுதுபார்க்க வேண்டுமானால் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ‘ஃபேகல்ட்டி’ என்பார்கள். பல பழைய கற்கள் அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்கின்றன. சாய்ந்திருக்கும் கல்லை நல்லெண்ணத்தில் நேராக்கினாலும் தப்புதான். அதோடு ஆபத்தும்: வேர் தளர்ந்த கல் ஆள்மேல் விழுந்தால் எலும்பு மிஞ்சாது. சாய்ந்துகொள்ளவோ பையை மாட்டவோ வேண்டாம்.

பையில் என்ன

உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று, உங்கள் நெஞ்சகலம் இருந்தால் போதும். டார்ச். நோட்டு, பென்சில். அளவு நாடா. முழங்காலுக்கு அடியில் போட ஏதாவது. அந்த ஊர்ப் புல் கோடையிலும் ஈரம். முழுக்கால் பேண்ட் போட்டுப் போங்கள். நெட்டில் என்று ஒரு செடி, நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி, பட்டால் தடித்து அரிக்கும். கல்லின் அடியில்தான் ஆசையாக முளைக்கும்.

கொண்டுபோகக் கூடாத பட்டியல் இதைவிட முக்கியம். சாக்பீஸ், பலப்பம், மாவு, ஷேவிங் நுரை, கம்பிப் பிரஷ், பிளீச்சிங், பாத்திரம் தேய்க்கும் நார். எழுத்து தெரியவில்லை என்றதும் சாக்பீஸால் தேய்க்கக் கை துறுதுறுக்கும், சிலேட்டைப் பார்த்ததும் நமக்கு அது பழக்கதோஷம். தேய்த்தால் அந்தத் தூள் நுண்ணிய கீறல்களில் தங்கிவிடும். அதைப் போக்க அடுத்தவர் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். நம் கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பது போலத் தாள் வைத்துப் படி எடுக்கலாமா என்று கேட்பீர்கள். அனுமதி கேட்க வேண்டும். கொடுத்தாலும், ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கிய கல்லில் செய்யாதீர்கள்.

கல்லில் படர்ந்திருக்கும் சாம்பல், மஞ்சள் வட்டங்களைச் சுரண்டவும் வேண்டாம். அது அழுக்கு அல்ல, லைக்கன். நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். பிரிட்டனில் உள்ள சுமார் 2000 லைக்கன் வகைகளில் 700க்கும் மேற்பட்டவை கல்லறைத் தோட்டங்களில் பதிவாகியுள்ளன. சில வட்டங்கள் அந்தக் கல் நட்ட காலத்திலிருந்தே வளர்ந்து வருபவை. நல்லவேளையாக, வழவழப்பான சிலேட்டில் அது அவ்வளவாக ஒட்டுவதில்லை.

முதலில் முதுகைப் பாருங்கள்

எல்லோரும் நேராக எழுத்துக்குத்தான் போவார்கள். நீங்கள் கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். ஸ்வித்லாண்ட் கல் வேல்ஸ் கல்லைப் போலத் தகடாகப் பிளக்காது. தடிமனாகத்தான் வரும். ஆகவே சிற்பி முன்பக்கத்தை மட்டும் இழைத்து வழவழப்பாக்கி, முதுகைக் குவாரியில் பிளந்தபடியே கரடுமுரடாக விட்டுவிடுவார். முதுகு மேடும் பள்ளமுமாக, பக்கவாட்டில் தடிமன் ஒரே சீராக இல்லாமல் இருந்தால் ஸ்வித்லாண்ட் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் அறுத்த பலகை போல மட்டமாக, மெல்லிசாக இருந்தால் வேல்ஸ் கல். ஆண்டைப் பார்க்காமலே 19ஆம் நூற்றாண்டு என்று ஊகித்து, பிறகு சரிபாருங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்வித்லாண்ட் கல் சாம்பல் நீலத்திலும் வரும், பச்சை சாய்ந்தும் வரும், கத்தரிப்பூ நிறத்திலும் வரும்.

கல்லின் பரப்பில் சிற்பியின் உளிக்குச் சம்பந்தமில்லாத நெளிவான பட்டைகள் தெரிந்தால் நின்று பாருங்கள். கடலடிச் சேற்றில் ஏதோ ஒரு பிராணி துளைத்துப் போன தடமாக இருக்கலாம். லெஸ்டர்ஷயர் கல்லறைக் கற்களில் இப்படிப்பட்ட தடங்களைக் கண்டபிறகுதான், இந்தச் சிலேட்டு அதுவரை நினைத்த அளவு பழையதல்ல, கேம்பிரியன் காலத்தது என்று நிலவியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஐம்பது கோடி வருடத்துக்கு முந்தைய கல்லின் வயதில் ஒரு திருத்தம், யாரோ ஒருவரின் தலைமாட்டுக் கல்லைப் பார்த்து.

வெயிலுக்குக் காத்திருங்கள்

இதுதான் வேலையின் உயிர். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

கிறிஸ்தவ அடக்கத்தில் தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும்போது கிழக்கு நோக்கி எழ வேண்டும் என்று. அதனால் கற்களின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். கிழக்கு பார்த்த கல்லின்மேல் காலை வெயில் நேராக அடிக்கும். பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒரு எழுத்தும் தெரியாது. நேர் வெளிச்சத்தில் பள்ளத்துக்கு நிழல் இல்லை. நான் ஒரு மணிநேரம் முட்டாளாக நின்றது அப்படித்தான்.

“சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு வா” என்றார் அந்த வார்டன் அம்மா. அவ்வளவுதான்.

காரணம் இது. சூரியன் நேர் தெற்கே வரும்போது வெயில் கிழக்கு முகத்தையும் மேற்கு முகத்தையும் உரசிக்கொண்டு போகும். மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ஆகவே அந்த நேரம் பன்னிரண்டு அல்ல, ஏறக்குறைய ஒரு மணி. கிழக்கு பார்த்த கல்லுக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாலும் மேற்கு பார்த்த கல்லுக்குக் கொஞ்சம் பின்னாலும் போய் உட்காருங்கள். குளிர்காலத்தில் பன்னிரண்டைச் சுற்றி. ஒன்றுமில்லாத கரும்பலகையில் முதலில் ஒரு கொம்பு, பிறகு ஒரு சுழி, பிறகு ஒரு முழு வரி எழும்பி வரும். பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு மறுபடி மங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் போன் பார்க்காதீர்கள்.

ஜூனில் சூரியன் உயரத்தில் இருப்பதால் வெளிச்சம் மேலிருந்து கீழே வழியும். படுக்கைக் கோடுகள் துலங்கும். பிப்ரவரியிலும் நவம்பரிலும் தாழ்ந்த சூரியன் பக்கவாட்டில் உரசும். நிற்கும் கோடுகள் துலங்கும். ஆகவே ஒரு எண் 1ஆ 7ஆ என்ற சண்டையை ஜூன் மாதம்தான் தீர்த்துவைக்கும், 7இன் தலைக்கோடு அப்போது நிழல் கட்டும்.

மேகம் மூடினால் டார்ச். கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து, மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று மாற்றுங்கள். போனை அசையாமல் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். மர நிழலில் நிற்கும் கல்லுக்குக் கண்ணாடி. வெயில் விழும் இடத்தில் ஒருவர் நின்று கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து அடிக்க, இன்னொருவர் படிக்கலாம். கண்ணாடி பிடிக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு வேறு எந்தக் கல்லறையும் இவ்வளவு பிடிக்காது.

தேவதையின் முகம்

பெல்வோயர் ஏஞ்சலைக் கண்டால் எழுத்துக்குப் போகும் முன் முகத்தைப் பாருங்கள். உருண்டை முகம், நேராக நம்மைப் பார்க்கும் அகன்ற கண்கள், கழுத்தில் சுருக்கு வைத்த காலர், அதன் இரண்டு பக்கமும் விரிந்த இறக்கை. உடம்பே இல்லை. சில கற்களில் அருகே மணற்கடிகாரமும் குறுக்கு எலும்பும் இருக்கும். 1690களிலிருந்து சுமார் 1760 வரை இதே முகம். பெரிய ஊர்ச் சிற்பங்களின் நளினம் இதில் கிடையாது. சிலேட்டில் முதன்முதலாக வட்டம் போட்டுக் கண் வைத்த குழந்தையின் படம் போல இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதனாலேயே பிற்காலத்துத் தாழி, அழும் பெண், தொங்கும் வில்லோ மரம் எல்லாவற்றையும்விட இது பிடிக்கும்.

இந்தக் கற்களில் எழுத்து பெரும்பாலும் புடைப்பு. அதாவது எழுத்தை வெட்டாமல், எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை வெட்டி எடுத்திருப்பார்கள். எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உள்வெட்டு எழுத்தும், எழுதுகோல் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்துச் செய்த சுழிகளும் வந்துவிடும்.

இன்னும் கிட்டே போங்கள். எழுத்தின் மேலும் கீழும் ஊசியால் கிழித்தது போல மெல்லிய நேர்கோடுகள் ஓடும். வரி கோணாமல் இருக்கச் சிற்பி போட்டுக்கொண்டவை. அவ்வளவு கவனமாகக் கோடு போட்டவரே வரி முடியும்போது இடம் போதாமல் ஒரு பெயரின் கடைசி எழுத்தைக் குட்டியாக்கி மேலே ஏற்றியிருப்பார். விட்டுப்போன எழுத்தை இரண்டு எழுத்துக்கு நடுவே குறி போட்டுச் செருகியிருப்பார். கல்லில் ரப்பர் கிடையாதே.

கல்லின் அடிப்பகுதியில், புல்லோடு புல்லாக, சிற்பியின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கலாம். ‘ஹிண்ட், ஸ்வித்லாண்ட்’ என்று இருந்தால் குவாரி நடத்திய குடும்பத்தின் கை அது. ‘ஸ்பாரோ, ராட்க்ளிஃப்’ என்றும் காணலாம். புல்லைக் கையால் விலக்கிப் பாருங்கள். தோண்டாதீர்கள், மண்ணுக்குள் இறங்கிய வரி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

எழுத்தைப் படிக்கும்போது

வரிக்கு வரி, கல்லில் இருப்பதுபோலவே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பினால் வீட்டுக்கு வந்தபின் எது கல், எது நீங்கள் என்று தெரியாது.

ஒய் என்ற எழுத்தும் அதன் தலையில் குட்டி ஈயும் இருந்தால் ‘யி’ என்று படிக்க வேண்டாம், அது ‘தி’. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்த பழைய எழுத்தின் மிச்சம். எஃப் போலத் தெரிவது பல இடங்களில் எஸ். ‘ரெலிக்ட்’ என்றால் கைம்பெண்: கணவர் முன்னே போய்விட்டார். வெறும் ‘வைஃப்’ என்றால் பெரும்பாலும் அவள் முந்திக்கொண்டாள். அவள் பெயருக்குக் கீழே பாதிக் கல் வழவழப்பாகக் காலியாக விட்டிருக்கும், கணவருக்காக. சில கற்களில் அந்த இடம் இன்றுவரை காலிதான். மறுமணம் செய்து வேறு ஊர் போனாரோ, எழுதக் காசு கொடுக்க ஆளில்லையோ.

வயதில் ஏமாறாதீர்கள். ‘தன் வயதின் 63ஆம் ஆண்டில்’ என்றால் 63 முடியவில்லை. நம் பாட்டிகள் சொல்வது போல 62 முடிந்து 63 நடக்கிறது. ‘63 வயது’ என்றே இருந்தால் முடிந்த வயது.

தேதிதான் பெரிய பொறி. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25. ஆகவே கல்லில் ‘1730 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1731ஆக இருக்கலாம். சில சிற்பிகள் 1730/1 என்று இரண்டையும் போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள். 1752இல் புது நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் உள்ள தேதி எதையும் கல்லில் படித்ததாக நினைத்தால் மறுபடி டார்ச்சை எடுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்னும் பின்னும்

கல்லின் உயரம், அகலம், தடிமன் அளந்துகொள்ளுங்கள். முன், பின், பக்கவாட்டு, தூரத்திலிருந்து ஆலயச் சுவரும் தெரியும்படி ஒன்று என்று நாலு படம். கல் எந்தத் திசை பார்க்கிறது என்று எழுதுங்கள். அடுத்தவருக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அது சொல்லும். ஏடு பிரிந்து உப்பியிருந்தால் அதையும் குறித்து வார்டனிடம் சொல்லுங்கள். மழைநீர் இடுக்கில் இறங்கி உறைந்து விரிந்தால் ஒரு குளிர்காலத்தில் முகமே கழன்று விழும். உண்டியலில் ஏதாவது போடுங்கள். புல்வெட்டுகிறவருக்குக் கூலி அதிலிருந்துதான்.

படித்த பெயரைச் சரிபார்க்க வேண்டுமானால் பங்குப் பதிவேடு, அதாவது அந்த ஊர் ஆலயத்தின் பதிவேடு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொல்லி 1538இல் ஆணை வந்தது. பல ஊர்களில் தொடக்க ஏடுகள் கிடைப்பதில்லை. ஹிக்லிங் போன்ற ஊர்களுக்கு நாட்டிங்ஹாம்ஷயர் ஆவணக் காப்பகம், ஸ்வித்லாண்ட் பக்கத்துக்கு லெஸ்டர் பகுதி ஆவணக் காப்பகம். அடக்கத்துக்கு 1813இல்தான் அச்சடித்த படிவம் வந்து, வயதும் வசிப்பிடமும் எழுதுவது வழக்கமானது. அதற்கு முன் பல பதிவுகள் ‘இன்னாரின் மனைவி, இந்தத் தேதி’ என்று ஒரே வரி. சில இடங்களில் அவள் பெயர்கூட இருக்காது. பெயரும் வயதும் கல்லில் மட்டும். அப்படி ஒன்று அகப்பட்டால் உங்கள் படியின் நகலை அந்த ஆலயத்துக்கே அனுப்பிவையுங்கள்.

காப்பகத்துக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். பையையும் பேனாவையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். உள்ளே பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.